உயரம் வேறு, விறைப்பு வேறு
பழைய பிக்கப் வண்டிக்குப் பட்டை தேர்ந்தெடுப்பது எப்படி?

(இறுதியாண்டு இயந்திரவியல் மாணவர் ஒருவரின் கட்டுரை)



நம் மந்தாரக்குப்பத்தில் ஒரு பிக்கப் வண்டி பின்பக்கம் தொங்கிப் போய்விட்டால், அதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து ஒன்றுதான். "பட்டை வீக்காயிடுச்சு, ரெண்டு பட்டை சேர்த்துப் போடு, வண்டி தூக்கி நிக்கும்!" டீக்கடையில் கேட்டாலும் இதே பதில், லாரி ஸ்டாண்டில் கேட்டாலும் இதே பதில். இந்த மருந்து சில வண்டிகளுக்குச் சரி. பல வண்டிகளுக்குத் தவறு. எந்த வண்டிக்குச் சரி, எந்த வண்டிக்குத் தவறு என்பதை ஒரு டேப்பும், ஒரு எடை மேடைச் சீட்டும், நாம் வகுப்பில் படித்த எஸ்.ஓ.எம். பாடமும் சொல்லிவிடும். அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வில் என்று சொன்னவர்கள் நம் முன்னோர்

பட்டை என்று நாம் சொல்வதைப் பாடப்புத்தகம் தட்டைவில் என்கிறது. புதிய பெயர் போலத் தோன்றினாலும் நமக்கு இது பழைய உறவுதான். மாட்டு வண்டிகளிலேயே பாரம் ஏற்றும் கட்டை வண்டி வேறு, ஆட்கள் ஏறும் வில்வண்டி வேறு. அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே இரும்பு வில் வைத்த வண்டிக்குத்தான் வில்வண்டி என்று பெயர் வந்தது. உடம்பு குலுங்கக் கூடாது என்பதற்காக வைத்த அந்த வில்லும், இன்று பிக்கப்பின் பின் ஆக்சிலில் இருக்கும் பட்டையும் ஒரே குடும்பம்.

1947-ல் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பூட்டி விற்கத் தொடங்கியது. அந்த ஜீப்புகளுக்கு நான்கு பக்கமும் பட்டைதான். அந்த வம்சத்தில் வந்த பழைய பிக்கப்புகளும் அப்படியே. கார்களில் சுருள்வில் வந்த பிறகும் பாரம் ஏற்றும் வண்டியின் பின்பக்கம் பட்டை இன்னும் நிலைத்திருக்கிறது. காரணம் எளிது. பட்டை பாரத்தையும் தாங்கும். ஆக்சிலை முன்னே பின்னே நகராமல் பிடித்தும் வைக்கும். ஒரே பொருள் இரண்டு வேலை செய்கிறது.

இந்த இரண்டாவது வேலையை நாம் மறந்துவிடுகிறோம். மெயின் பட்டையின் கண் பக்கம் முறிந்தால் வண்டி வெறுமனே சாய்ந்து நிற்காது. அந்தப் பக்க ஆக்சில் பின்னால் நகரும். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருந்தாலும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். கடலூர்–விருத்தாசலம் சாலையில் எதிரே சாம்பல் லாரி வரும் நேரத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. ஆகவே பட்டை தேர்வு என்பது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

எங்கள் வீட்டு வண்டி

என் தாய்மாமாவிடம் ஜீப் வம்சத்துப் பழைய பிக்கப் ஒன்று இருக்கிறது. இரண்டாம் கையாக வாங்கியது. விடியற்காலை விருத்தாசலத்துக்குக் காலியாகப் போகும். காய்கறி ஏற்றிக்கொண்டு மந்தாரக்குப்பம் கடைத்தெருவுக்குத் திரும்பும். பலா சீசனில் பண்ருட்டிப் பக்கம் போய்ப் பலாப்பழம் ஏற்றும். மற்ற நேரத்தில் அதுவே குடும்ப வண்டி. மாமா மகளைப் பள்ளியில் விடுவதும், அத்தையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும் அதில்தான். அந்த வண்டி ஒரு வாரம் நின்றால் வீட்டில் அடுப்பு யோசித்து எரியும்.

வண்டி பின்பக்கம் தொங்கிவிட்டது. லோடு ஏற்றினால் ஒவ்வொரு பள்ளத்திலும் டமார் என்று அடி. மாமா ஒரு முடிவோடு வந்தார்.

"மாப்ள, 10 மில்லி தடிமன்ல ரெண்டு பட்டை சேர்த்து, கீழ மூணு இன்ச் கட்டை ஒன்னு வெச்சிடலாம்னு இருக்கேன். வண்டி எடுப்பா நிக்கும். மழைத் தண்ணியிலயும் பயமில்லாம போவலாம். நீ இன்னா சொல்ற?"

மழைத் தண்ணீர் என்று அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. 2015 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த கடலூர் மாவட்டத்துக்காரர் யாரும் தண்ணீரைச் சாதாரணமாக நினைக்க மாட்டார்கள். ஆனாலும், "மாமா, ஒரு ஞாயித்துக்கிழமை வண்டியை என்கிட்ட குடுங்க. அளந்து பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன். அளந்ததில் தெரிந்தவற்றைத்தான் இங்கே பாடமாகத் தருகிறேன்.

பாடம் ஒன்று: இரண்டு குணங்கள்

பட்டைக்கு இரண்டு தனித்தனிக் குணங்கள் உண்டு. ஒன்று உயரம், பட்டையின் வளைவு எவ்வளவு என்பது. பட்டறையில் இதைக் கேம்பர் என்பார்கள். மற்றொன்று விறைப்பு, ஒரு மில்லிமீட்டர் அமுங்க எத்தனை கிலோ வேண்டும் என்பது.

பழைய பட்டை தொங்கும்போது இழப்பது எதை? பெரும்பாலும் உயரத்தைத்தான். பல வருடம் பாரம் தாங்கியதில் வளைவு நிரந்தரமாகக் குறைந்துவிடுகிறது. ஆனால் எஃகின் யங் குணகம் புதிதானாலும் பழையதானாலும் ஏறத்தாழ அதேதான். சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2,00,000 நியூட்டன். ஆகவே பட்டை உடையாமல், துரு அரிக்காமல் இருந்தால் அதன் விறைப்பு மாறுவதில்லை. "பட்டை வீக்காயிடுச்சு" என்று நாம் சொல்லும் பல வண்டிகளில் பட்டை வீக்காகவில்லை, குட்டையாகியிருக்கிறது, அவ்வளவுதான்!

இதை எஸ்.ஓ.எம். பாடத்தின் சூத்திரம் கொண்டு பார்ப்போம்:

விறைப்பு = (8 × யங் குணகம் × பட்டைகளின் எண்ணிக்கை × அகலம் × தடிமன்³) ÷ (3 × நீளம்³)

இதில் நீளம் என்பது கண்ணுக்குக் கண் உள்ள தூரம். சூத்திரத்தில் வளைவு எங்கேயாவது வருகிறதா? வரவில்லை! உயரமும் விறைப்பும் வேறு வேறு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மாமா வண்டியில் பக்கத்துக்கு 7 பட்டை. அகலம் 60 மி.மீ., தடிமன் 7 மி.மீ., நீளம் 1,150 மி.மீ. கணக்குப் போட்டால் ஒரு பக்கத்துக்கு மில்லிமீட்டருக்கு 50.5 நியூட்டன் வருகிறது. கிலோவில் சொன்னால் ஏறக்குறைய 5.15. இரண்டு பக்கமும் சேர்த்து 10.3 கிலோ.

சூத்திரத்தில் தடிமன் மும்மடியில் வருவதைக் கவனியுங்கள். 7-ன் மும்மடி 343. 10-ன் மும்மடி 1,000. அதாவது ஒரு 10 மி.மீ. பட்டை கிட்டத்தட்ட மூன்று 7 மி.மீ. பட்டைக்குச் சமம். "ஒரே ஒரு பட்டைதானே" என்று நினைத்துச் சேர்த்தால் விறைப்பு 40 சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும். மாமா சொன்னபடி இரண்டு சேர்த்தால் 80 சதவீதத்தையும் தாண்டும். அதே மும்மடிக் கணக்கு எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். துரு தின்று 7 மி.மீ. பட்டை 6.5 ஆகிவிட்டால் அதன் விறைப்பில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஆகவே பட்டையைப் பார்க்கும்போது துருவைச் சுரண்டிவிட்டு வெர்னியர் வைத்துத் தடிமனை அளக்க வேண்டும்.

பாடம் இரண்டு: அளந்து பார்த்தல்

அளவு 1: எடை மேடை. வண்டியின் பின் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி எடை எடுத்தோம். காலியாக 650 கிலோ. தினசரிக் காய்கறி லோடோடு 1,200 கிலோ. ஆக்சில், சக்கரம் ஆகியவை பட்டைக்குக் கீழே இருப்பவை; அவற்றுக்குச் சுமார் 150 கிலோ கழித்தால், பட்டை மேல் உட்காரும் பாரம் காலியில் 500 கிலோ, லோடில் 1,050 கிலோ.

அளவு 2: முட்டு இடைவெளி. ஆக்சிலுக்கு நேர் மேலே சேசிஸில் பம்ப் ஸ்டாப் என்கிற ரப்பர் முட்டு இருக்கும். அதற்கும் ஆக்சிலுக்கும் உள்ள இடைவெளிதான் பட்டை இன்னும் எவ்வளவு அமுங்கலாம் என்பதைச் சொல்லும். சமதரையில் நிறுத்தி, டயர் காற்றைச் சரி செய்து அளந்தோம். காலியில் இடது பக்கம் 70 மி.மீ., வலது பக்கம் 58 மி.மீ. லோடில் இடது 18, வலது 6! வெறும் 6 மி.மீ. மீதம் இருந்தால் எந்தப் பள்ளத்தில்தான் டமார் என்று அடிக்காது?

அளவு 3: மூட்டைச் சோதனை. 50 கிலோ சிமெண்டு மூட்டை எட்டை ஆக்சிலுக்கு நேர் மேலே இரண்டிரண்டாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் இடைவெளியை அளந்தோம். பிறகு அதே மாதிரி இறக்கி அளந்தோம். ஏற்றும்போது ஒரு அளவும் இறக்கும்போது வேறு அளவும் வரும். பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதுதான் காரணம். இரண்டின் சராசரியை எடுக்க வேண்டும். 400 கிலோவுக்கு 38 மி.மீ. அமுங்கியது. அதாவது மில்லிமீட்டருக்கு 10.5 கிலோ. சூத்திரம் சொன்னது 10.3. யூ போல்ட் நடுப்பகுதியை இறுக்கிப் பிடிப்பதால் உண்மை விறைப்பு சற்றுக் கூடுதலாக இருப்பது இயல்பே. நோட்டுப் புத்தகமும் வண்டியும் ஒத்துப்போனதைப் பார்த்தபோது எனக்கு உண்டான சந்தோஷம் பரீட்சை மார்க்கில் கூட வந்ததில்லை.

ஆக, நோய் என்னவென்று தெரிந்துவிட்டது. விறைப்பு அப்படியே இருக்கிறது; உயரம்தான் போய்விட்டது. வலது பக்கம் கொஞ்சம் அதிகமாகப் போயிருக்கிறது.

பாடம் மூன்று: விறைப்பைக் கூட்டினால் என்ன கெடும்?

"கொஞ்சம் விறைப்பா இருந்தா நல்லதுதானே?" என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

வண்டி மேலும் கீழும் ஆடும் வேகத்துக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. பட்டை மேல் இருக்கும் பாரத்தை விறைப்பால் வகுத்தால் வருவது நிலை அமுக்கம். அதை மில்லிமீட்டரில் வைத்து வர்க்கமூலம் எடுத்து, 15.8-ஐ அதனால் வகுத்தால் நொடிக்கு எத்தனை ஆட்டம் என்பது வரும்.

பழைய விறைப்பில்: காலியில் நொடிக்கு 2.3, லோடில் 1.6.
ஒரு 10 மி.மீ. பட்டை சேர்த்தால்: காலியில் 2.7, லோடில் 1.9.
இரண்டு சேர்த்தால்: காலியில் 3.1, லோடில் 2.1.

உட்கார்ந்து போகிறவருக்குச் சுகம் தருவது நொடிக்கு ஒன்று, ஒன்றரை ஆட்டம். கார்களை அப்படித்தான் அமைக்கிறார்கள். மூன்றைத் தாண்டினால் இடுப்பு கேட்கும். மாமா வண்டி தினமும் ஓடும் தூரத்தில் பாதிக்கு மேல் காலியாகத்தான் ஓடுகிறது. காலி வண்டியில் விறைத்த பட்டை அமுங்கவே அமுங்காது. சக்கரம் தரையில் பதியாமல் குதிக்கும். ஈரச் சாலையில் பிரேக் அடிக்கும்போது குதிக்கும் சக்கரத்துக்குப் பிடிமானம் ஏது? லோடு நேரத்தில் டமார் சத்தம் நிற்கும் என்பது உண்மை. ஆனால் காலி நேரத்தில் இடுப்பும், சேசிஸ் பிராக்கெட்டும், ஷாக்கும் அதற்குக் கூலி கொடுக்கும்.

இன்னொன்று. ஒரே அளவு வளையும்போது தடித்த பட்டையில்தான் தகைவு அதிகம். தடிமன் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு கூடும். 7 மி.மீ. பட்டைகளின் நடுவே 10 மி.மீ. பட்டையைச் செருகினால் அதற்கு மட்டும் 43 சதவீதம் அதிகத் தகைவு. வலுவுக்கென்று சேர்த்த பட்டையே முதலில் முறிந்து விழுவதன் ரகசியம் இதுதான்.

"விறைப்பான பட்டை போட்டா அதிக லோடு ஏத்தலாம்" என்பது அடுத்த மயக்கம். பட்டை மாறியதால் ஆக்சில் குழாயோ, பேரிங்கோ, பிரேக்கோ, டயரோ பெரிதாகிவிடவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடையும் மாறாது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அளவுக்கு மீறிய பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம். அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அதே 1988-ஆம் வருடச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. தொங்கிய பட்டையை மாற்றிப் பழைய உயரத்துக்குக் கொண்டுவருவது பழுது பார்த்தல். வண்டியையே வேறு வடிவமாக்குவது வேறு சங்கதி.

பாடம் நான்கு: தூக்கும் வழிகள்

வழி 1, திரும்ப வளைத்தல். பட்டையைக் கழற்றிப் பழைய வளைவுக்குக் கொண்டுவருதல். விறைப்பு மாறாது, உயரம் மட்டும் வரும். செலவு குறைவு. ஆனால் பட்டை நல்ல நிலையில் இருக்க வேண்டும். காஸ் தீயில் பழுக்க வைத்து வளைத்து அப்படியே ஆறவிட்டால் டெம்பர் போய்விடும்; சில மாதத்தில் மறுபடி தொங்கும். முறைப்படி செய்வதென்றால் 900 டிகிரி அளவில் சூடேற்றி, எண்ணெயில் குளிர வைத்து, மறுபடி 450 முதல் 500 டிகிரி வரை சூடேற்றி டெம்பர் செய்ய வேண்டும்.

வழி 2, பட்டை சேர்த்தல். உயரமும் விறைப்பும் சேர்ந்தே ஏறும். எந்நேரமும் பாரம் இருக்கும் வண்டிக்கு இது சரி. உதாரணமாக, பின்னால் தண்ணீர்த் தொட்டியோ வெல்டிங் ஜெனரேட்டரோ நிரந்தரமாக இருக்கும் வண்டி. சேர்க்கும் பட்டை மற்றவற்றின் தடிமனிலேயே இருக்க வேண்டும். 7 மி.மீ. பட்டை ஒன்று சேர்த்தால் விறைப்பு ஏழில் ஒரு பங்குதான் கூடும்.

வழி 3, கட்டை வைத்தல். ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை. விறைப்பு மாறாமல் உயரம் வரும். ஆனால் பிரேக் அடிக்கும்போதும் வண்டி இழுக்கும்போதும் ஆக்சில் பட்டையை முறுக்கும். கட்டை உயர உயர அந்த முறுக்கல் நெம்புகோல் போலக் கூடும். பின்பக்கம் சிறிய கட்டை பரவாயில்லை. கட்டை மேல் கட்டை கூடாது. முன் ஆக்சிலில் கட்டை கூடவே கூடாது!

வழி 4, நீண்ட ஷாக்கிள். ஒரு முனை மட்டும் இறங்குவதால் ஷாக்கிள் கூடும் நீளத்தில் பாதிதான் உயரமாக வரும். ஆக்சிலின் கோணமும் திரும்பிவிடும். முன்பக்கம் செய்தால் காஸ்டர் மாறி ஸ்டீயரிங் அலையும்.

வழி 5, புது செட். தயாரிப்பாளர் கொடுத்த அதே அளவு, அதே எண்ணிக்கை. செலவு அதிகம், தலைவலி குறைவு.

வழி 6, ஹெல்பர் பட்டை. செட்டுக்குக் கீழே வளைவில்லாத தடித்த பட்டை ஒன்று. வண்டி காலியாக இருக்கும்போதும், அளவான லோடிலும் அது சும்மா இருக்கும். பாரம் கூடி மேல் பட்டைகள் நிமிர்ந்து அதன் மேல் படியும்போதுதான் அது தோள் கொடுக்கும். ஒரு நாள் காலி, ஒரு நாள் லோடு என்று ஓடும் வண்டிக்கு இது வரப்பிரசாதம்.

மூன்று இன்ச் தூக்கினால் அதோடு நிற்காது. ஷாக் நீளம் போதாது. பிரேக் ஹோஸ் இழுபடும். புரொப்பல்லர் ஷாஃப்டின் கோணம் கூடிக் கிராஸ் சீக்கிரம் தேயும். சில பிக்கப்புகளில் பின் பிரேக்குக்கு லோடு வால்வு ஒன்று ஆக்சிலோடு கம்பியால் இணைந்திருக்கும். பாடி உயர்ந்தால் வண்டி காலியாக இருப்பதாக அது நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பலாப்பழத்தைக் கேபின் உயரத்துக்குக் குவித்த வண்டி இன்னும் மூன்று இன்ச் உயர்ந்தால் வளைவில் சாய்வது சுலபம்.

ஆஸ்திரேலியாவில் கரடுமுரடான பாதைகளில் ஓடும் பிக்கப்புகள் அதிகம். அங்குள்ள ஏ.ஆர்.பி. நிறுவனத்தின் ஓல்டு மேன் எமு ஸ்பிரிங்குகள் ஒரே வண்டி மாடலுக்கே, அதில் வழக்கமாக இருக்கும் பாரத்துக்கு ஏற்பப் பல விறைப்புகளில் கிடைக்கின்றன. எத்தனை இன்ச் வேண்டும் என்பதற்கு முன்னால் எத்தனை கிலோ ஏற்றுவீர்கள் என்று கேட்கும் பழக்கம் அது. நாமும் அங்கேதான் தொடங்க வேண்டும்.

முடிவு எப்படி எடுத்தோம்?

கணக்கு நோட்டோடு மாமாவையும் அழைத்துக்கொண்டு ஸ்பிரிங் பட்டறைக்குப் போனேன். நாற்பது வருடமாகச் சம்மட்டி பிடித்த பெரியவர் அவர். என் நோட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பட்டையைக் கழற்றித் துடைத்தார்.

"தம்பி, உன் கணக்கு சரியாதான் இருக்கு. திரும்ப வளைச்சாலே போதும்னு நீ எழுதியிருக்கே. ஆனா இந்தப் பட்டையைப் பாரு. இதுக்கு முன்னாலயே யாரோ ஒரு தடவ அடிச்சு வளைச்சிருக்காங்க. மேல் முகத்துல சம்மட்டித் தழும்பு. வலது பக்கம் மூணாவது பட்டையில சென்டர் போல்ட் ஓட்டைகிட்ட முடி மாதிரி விரிசல் தெரியுது. இதைத் திரும்ப அடிச்சா உடையும்" என்றார்.

இதில் ஒரு பாடம் உண்டு. பாரம் ஏறும்போது பட்டை நிமிர்கிறது. அப்போது அதன் மேல் முகம் இழுவிசைக்கு உள்ளாகிறது. அந்த முகத்தில் இருக்கும் தழும்பு, வெல்டிங் பொட்டு, துருக்குழி எதுவானாலும் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். பட்டையில் வெல்டிங் வைக்கவே கூடாது என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். உயரத்தைக் கணக்கு சொல்லும். விரிசலைக் கண்தான் சொல்லும். இரண்டும் வேண்டும்.

எனவே வழி 1 கைவிடப்பட்டது. மூன்று பேரும் கலந்து எடுத்த முடிவு இது: அதே 7 பட்டை, அதே 7 மி.மீ. அளவில் இரண்டு பக்கமும் புது செட். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி சாயும். ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். பலா சீசனுக்காக ஒரு ஹெல்பர் பட்டை. தினசரி லோடில் அது தொடாதபடி இடைவெளி விட்டுப் பூட்டச் சொன்னோம். கட்டை இல்லை, 10 மி.மீ. பட்டை இல்லை.

முட்டு இடைவெளி காலியில் 105 மி.மீ. வர வேண்டும் என்பது எங்கள் இலக்கு. அதாவது இடது பக்கம் 35, வலது பக்கம் 47 மி.மீ. உயர வேண்டும். பூட்டி, நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பட்டை படிந்த பிறகு அளந்தோம். காலியில் இடது 108, வலது 106. தினசரி லோடில் 55, 54. பள்ளத்தில் டமார் சத்தம் இல்லை. காலி வண்டி முன்பைவிட விறைக்கவும் இல்லை.

மாமாவுக்கு மட்டும் ஒரு குறை. "மூணு இன்ச் கேட்டேன், ஒன்னரை இன்ச்தானே மாப்ள குடுத்தே?" என்றார். தண்ணீர் விஷயத்தில் அவர் சொல்வது ஓரளவு உண்மை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். டிஃபரன்ஷியல் கூடு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அவ்வளவுதான். அதைப் பட்டையோ கட்டையோ உயர்த்தாது. டயர் பெரிதானால்தான் ஆக்சில் உயரும். பட்டை உயர்த்துவது சேசிஸையும் பாடியையும் மட்டுமே. ஏர் ஃபில்டரும் எலக்ட்ரிக் வயரும் கூடுதலாக ஒன்றரை இன்ச் தப்பும். வெள்ளத்துக்கு அது போதாது. வெள்ளத்தில் ஓட்டாமல் இருப்பதே சரியான பட்டை!

பூட்டும்போது கவனிக்க வேண்டியவை

பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடக்கூடாது. ஒரு முறை இழுபட்ட மரை மறுபடி அதே பிடி பிடிக்காது. புது யூ போல்ட்டையும் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி இறுக்க வேண்டும். அது தளர்ந்தால் சென்டர் போல்ட் முறியும், ஆக்சில் நகரும்.

ரப்பர் புஷ் உள்ள கண் போல்ட்டுகளை, வண்டி தரையில் தன் பாரத்தோடு நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக் கிழியும்.

குட்டைப் பட்டைகளுக்கு வளைவு சற்று அதிகமாக இருக்க வேண்டும். கட்டும் முன் பட்டைகளுக்கு நடுவே மெல்லிய இடைவெளி தெரிய வேண்டும். அதுதான் மெயின் பட்டையின் சுமையைக் குறைக்கும்.

பின்பக்கம் உயர்ந்ததும் ஹெட்லைட் தாழ்ந்து அடிக்கும். அதைத் திருப்பி அமைக்க வேண்டும். பிரேக் ஹோஸ், லோடு வால்வுக் கம்பி, ஷாக் மூன்றையும் சக்கரம் தொங்கும் நிலையில் ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

நிறைவாக

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் இப்படி ஒரு பழைய வண்டி நிற்கிறது. நாம் டிப்ளமோ படிப்பது தெரிந்து அப்பாவோ மாமாவோ அண்ணனோ ஒரு நாள், "இன்னாடா பண்ணலாம்?" என்று கேட்கத்தான் போகிறார்கள். அன்று டீக்கடைப் பதிலை நாமும் திருப்பிச் சொல்லிவிடக் கூடாது. நான்கு கேள்விகளைக் கேளுங்கள். தினமும் எத்தனை கிலோ ஏறுகிறது? எவ்வளவு தூரம் காலியாக ஓடுகிறது? போனது உயரமா, விறைப்பா? பட்டையில் விரிசல் உண்டா? முதல் இரண்டுக்கு எடை மேடையும் வண்டிக்காரரும் பதில் சொல்வார்கள். மூன்றாவதற்கு டேப்பும் எட்டு மூட்டையும் போதும். நான்காவதற்குப் பட்டறைப் பெரியவரின் கண் வேண்டும். அவரிடம் பணிவோடு கேளுங்கள்.

இந்த நான்குக்கும் பதில் கிடைத்த பிறகு எந்தப் பட்டை என்பது தானாகத் தெரிந்துவிடும். பட்டறைக்குப் போகும் முன் எடை மேடைக்குப் போங்கள் என்பதே இக்கட்டுரை வாயிலாக நான் உங்களுக்கு வைக்கும் வேண்டுகோள்.